சிஸ்டர் வர்றப்ப கதவ சாத்தலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயசு. ஆறு மாசமா காதுல யாரோ பேசுறாங்கன்னு சொல்றான், ராத்திரி தூங்குறதே இல்ல. எங்க கிராமத்துக்கு மாசம் ஒருக்கா ஒரு கன்னியாஸ்திரி வந்து மனநலம் சரியில்லாதவங்கள வீட்டுலயே பாக்குறாங்க. நாங்க வேற மதம். ஜெபம் பண்ணிட்டு போயிருவாங்களோ, விஷயம் வெளிய போயிருமோன்னு அம்மா கதவையே தொறக்க விட மாட்டேங்கிறாங்க.

பதில்: அம்மா பயப்படுறதுல தப்பே இல்லம்மா. ஆனா அத மனசுலயே வச்சுக்காம சிஸ்டர்கிட்டயே கேட்டுருங்க. நீங்க நர்ஸா, கவுன்சிலரா, மருந்து எழுதுற டாக்டர் யாரு, நாங்க எங்க மதத்துலயே இருந்தா பரவால்லையான்னு. நல்லா வேலை செய்றவங்க இதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டாங்க. மருந்து வேணாம் ஜெபமே போதும்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க.

மனநோய் வந்தவங்களப் பாக்குறது கன்னியாஸ்திரிங்களுக்கு புதுசும் இல்ல, 1881லயே ஸ்பெயின்ல மனநோய் வந்த பெண்களப் பாத்துக்கறதுக்குன்னே ஒரு கன்னியர் சபை ஆரம்பிச்சாங்க. ஸ்பெஷலிஸ்ட் இல்லாத இடத்துல நர்ஸ் மாதிரி ஆளுங்களுக்கு பயிற்சி குடுத்து மனநோயப் பாக்க வைக்கணும்னு உலக சுகாதார நிறுவனமும் 2008ல ஒரு திட்டமே கொண்டு வந்துச்சு.

ரகசியம் பத்தி ஒண்ணு சொல்லணும். செஞ்ச பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்குற பாவசங்கீர்த்தனத்தக் கேக்குறது சர்ச் பாதிரியார்தான், சிஸ்டர் இல்ல. அதனால உங்க தம்பி பேசுறது பாவசங்கீர்த்தன ரகசியம் இல்ல, நோயாளி ரகசியம், இத யார்கிட்ட சொல்வீங்க, நோட்டுல என்ன எழுதுவீங்கன்னு முதல் நாளே கேட்டு வச்சுக்கோங்க.

எனக்கு இதுல பெருசா படுறது அவங்க திரும்ப திரும்ப வர்றதுதான். டாக்டர் மாத்திரை குடுத்தா குரல் அடங்க சில வாரம் ஆகும், அதுக்குள்ள தூக்கம் தூக்கமா வரும், உடம்பு விறைக்கும், கை நடுங்கும், வீட்டுல பயந்துபோய் நிறுத்திருவாங்க, இல்லன்னா கொஞ்சம் தேறினதும் இனி எதுக்குன்னு நிறுத்திருவாங்க, மறுபடி வந்துரும். அந்த நேரத்துல ஒருத்தர் வந்து அட்டைய வாங்கி எத்தன மாத்திரை மிச்சம்னு எண்ணி, கைய நீட்டுப்பான்னு சொல்லி நடுக்கம் இருக்கான்னு பாத்து, டாக்டர்கிட்ட டோஸ் பத்தி பேசுறது எவ்ளோ பெரிய உதவி தெரியுமா!

அடுத்த தடவ வர்றப்ப தம்பிகிட்ட கேட்டுட்டு, அவனுக்கு சம்மதம்னா பத்து நிமிஷம் தனியா பேச விட்டு நீங்க வாசல்ல இருங்க. ஆனா செத்துருவேன்னு சொன்னாலோ, சாப்பாடு தண்ணிய விட்டாலோ, அந்தக் குரல் யாரையாவது அடிக்கச் சொல்லுதுன்னாலோ சிஸ்டர் வரட்டும்னு காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.