நீங்கள் ஆதரிக்கும் கால்பந்து அணி நீண்ட நாள் கழித்துச் சொந்த மைதானத்துக்குத் திரும்பியபோது அங்கே இருந்திருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

இருந்தேன். 2022 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை இரவு. சென்னை பெரியமேட்டில் இருக்கும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் நான் ஆதரிக்கும் சென்னையின் எஃப்.சி.க்கும் பெங்களூரு எஃப்.சி.க்கும் ஆட்டம். நான் சேலத்துக்காரன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஏறக்குறைய 340 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மைதானம் உனக்கு எப்படிச் சொந்தமாகும் என்று பட்டறையிலேயே கேட்பார்கள். அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் பிரிந்து இருந்த காலத்தைச் சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்கு முன் நாங்கள் அங்கே பார்த்த கடைசி ஆட்டம் 2020 பிப்ரவரி 29. ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் கோவா அணிக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டம். இடைவேளை வரை யாருக்கும் கோல் இல்லை. அதன் பிறகு கோயான், அனிருத் தாப்பா, எலி சாபியா, சாங்டே என்று அடுக்கடுக்காக நான்கு கோல்கள். 4-1 என்று ஜெயித்தோம். இரண்டு வாரத்தில், மார்ச் 14 அன்று, இறுதிப் போட்டி கோவாவின் ஃபதோர்டாவில் ஆளே இல்லாத அரங்கில் நடந்தது. கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றோம். அடுத்த பத்து நாளில் நாடே பூட்டப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு ஐ.எஸ்.எல். சீசன்களும் முழுக்க கோவாவில்தான் நடந்தன. எல்லா அணிகளையும் ஓட்டல்களில் அடைத்துவைத்து, ஃபதோர்டா, வாஸ்கோ, பாம்போலிம் என்று மூன்று மைதானங்களில் மாற்றி மாற்றி ஆடவிட்டார்கள். அட்டவணையில் ஒரு அணியின் பெயருக்கு நேரே 'ஹோம்' என்று போட்டிருக்கும். ஆனால் கேலரியில் ஒரு மனிதர் இருக்க மாட்டார். டிவியில் பதிவு செய்த கூட்டச் சத்தத்தைப் போடுவார்கள். கோல் விழுந்தால் அந்தச் சத்தம் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரண்டு சீசனிலும் நாங்கள் எட்டாம் இடம். தோல்வியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தோற்ற அணியைப் பார்த்து எழுந்து நின்று கைதட்ட முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

மைதானம் எங்களுக்குக் கிடைக்காமல் போனது அதுதான் முதல்முறை என்றும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவின் பாலேவாடிக்கு மாற்றினார்கள். ஊர் தண்ணீரில் கிடக்க, அணி வேற்றூரில் நின்று கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தது. பிறகு இறுதிப் போட்டியில், கோவாவின் சொந்த மண்ணிலேயே, 2-1 என்று பின்தங்கியிருந்து கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து கோப்பை வந்தது. மென்டோசா அடித்த அந்தக் கடைசிக் கோலை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்த வெற்றியின்போது நம் கேலரி அங்கே இல்லை என்ற குறை அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

சேலத்திலிருந்து பார்த்தால் பெங்களூருதான் பக்கம், 200 கிலோமீட்டர்தான். அங்கேயும் ஐ.எஸ்.எல். அணி இருக்கிறது, நல்ல கூட்டமும் வருகிறது. 2018 மார்ச்சில் நம் அணி பெங்களூருவின் கண்டீரவா மைதானத்திலேயே அவர்களை 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பையை எடுத்தபோது நானும் போயிருந்தேன். கார்னரிலிருந்து மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு முறை முட்டினார். என் வாழ்க்கையில் பார்த்த சிறந்த ஆட்டம் அது. இருந்தாலும் அங்கே நான் விருந்தாளிதான். பெரியமேட்டில் அப்படித் தோன்றியதே இல்லை. தமிழில் கத்தலாம், தமிழில் பாடலாம், பக்கத்தில் இருப்பவர் வியாசர்பாடியோ ஆம்பூரோ எந்த ஊராக இருந்தாலும் ரெண்டு நிமிடத்தில் மச்சான் ஆகிவிடுவார். என்னைப் பொறுத்தவரை இந்தச் சொந்தம் கிலோமீட்டர் பார்த்து வருவதில்லை.

அந்த அக்டோபருக்கு வருகிறேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், வருஷத்தில் மூச்சுவிட நேரமில்லாத வாரம் அதுதான். முதலாளியிடம் போய் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு வேணுங்கண்ணா."

"ஆர்டர் எவ்வளவு கெடக்குதுன்னு தெரியுமில்ல? என்னடா விசேஷம்?"

"மேட்ச்சுங்கண்ணா. சென்னையில. ரெண்டரை வருஷம் கழிச்சு நடக்குதுங்க."

அவருக்குக் கால்பந்து தெரியாது. இரண்டு நாளில் ஆஸ்திரேலியாவில் டி20 உலகக் கோப்பை தொடங்க இருந்தது, ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான். ஆனாலும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து பத்தவைக்கிற வேலையை முடிச்சுக் குடுத்துரு" என்றார். அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். ஒருவன் ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற என் நண்பன். பள்ளிக்கூடத்தில் கோல்கீப்பராக நின்றவன். விடியும் முன்பே பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஜங்ஷனுக்கு வந்துவிட்டான். இன்னொருவன் என் அக்கா மகன், அப்போது ஏழாம் வகுப்பு. ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது என்னோடு உட்கார்ந்து டிவியில் பார்த்துத்தான் அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஆளில்லாத மைதானத்தில் ஆடிய அணியை மட்டுமே அவன் பார்த்திருந்தான். அக்கா தட்டு வடை செட்டுக்கு வேண்டிய சட்னி, காய் எல்லாம் தனித்தனி டப்பாவில் கட்டிக் கொடுத்திருந்தாள். ரயில் ஜோலார்பேட்டை தாண்டுவதற்குள் எல்லாம் காலி.

சென்ட்ரலிலிருந்து ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். வெளியூர் ரசிகனுக்கு அந்த மைதானம் செய்கிற பெரிய உதவி அதுதான். பெரியமேட்டுத் தோல் கடைகளைத் தாண்டும்போதே நீல ஜெர்சிகள் கண்ணில் படத் தொடங்கின. 'மெய்ல்சன்', 'ராஃபேல்', 'கிரிவெல்லாரோ' என்று பழைய பெயர்கள் எழுதிய, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ஜெர்சிகள். அணியை விட்டுப்போன ஆட்டக்காரரின் பெயரை மாற்றாமல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

வாசலில் பழைய முகங்களைப் பார்த்ததும் யாரும் உடனே ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் என்று ரசிகர் குழுக்கள் இருக்கின்றன. அதில் இருப்பவர்களானாலும் என்னைப்போல எதிலும் சேராதவர்களானாலும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்த வருஷம் பதில் வரும்வரை காத்திருந்து கேட்டார்கள். சிலர் தலையை மட்டும் ஆட்டினார்கள். எங்களுக்கு முன்வரிசையில் எப்போதும் உட்காரும் அண்ணன் ஒருவர் அப்பாவைப் பறிகொடுத்திருந்தார். அப்பாவும் மகனுமாகத்தான் முன்பெல்லாம் வருவார்கள். அவர் அன்றைக்குத் தம் மகனைக் கூட்டிவந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வார்த்தை வரவில்லை.

ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிடமே ராய் கிருஷ்ணா பெங்களூருவுக்குக் கோல் அடித்துவிட்டார். என் மருமகன் முகம் சுருங்கிவிட்டது. டிவியில் அந்த மாதிரி நேரத்தில் பதிவு செய்த சத்தம் அடங்கிப்போகும். இங்கேயோ, கோல் விழுந்த ஒரு நொடி அமைதிக்குப் பின் மேளம் முன்பைவிட வேகமாக அடிக்க ஆரம்பித்தது. தலைக்கு மேல் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஒரு பகுதி பாட, மறு பகுதி வாங்கிப் பாடியது. பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, கோல் வாங்குனது நாமதானே? எதுக்குப் பாடுறாங்க?"

"அவங்களுக்கு இப்பதான்டா நாம வேணும்."

இடைவேளைக்குச் சற்று முன் பிரசாந்த் அடித்து 1-1 ஆக்கினார். கோழிக்கோட்டுக்காரர், கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து அந்த வருஷம்தான் வந்தவர். அந்தக் கோலை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. முன்னால் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அடுத்த நொடி யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார், நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். இரண்டு வருஷம் ஆள் பக்கத்தில் வந்தாலே ஒதுங்கிப் பழகிவிட்டோம். பேருந்தில் யாராவது இருமினால் இடம் மாறி உட்கார்ந்தோம். பெயர் தெரியாத மனிதர்களின் வியர்வையோடு அப்படிக் கட்டிக்கொண்டு குதித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கேள்வியில் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்களே, என் பதில் அந்த அரை நிமிடம்தான்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைசிக் கட்டத்தில் நம் கோல்கீப்பர் தேப்ஜித் மஜும்தார் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ஏற்காட்டு நண்பன் தானே அட்டை வாங்கியதுபோல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பத்துப் பேராகத் தாக்குப்பிடித்து 1-1 என்று முடித்தார்கள். ஆட்டம் முடிந்தும் ஜனம் கலையவில்லை. ஆட்டக்காரர்கள் சுற்றி வந்து கைதட்டினார்கள், நாங்களும் தட்டினோம். இரண்டு சீசனாக மனதிலேயே வைத்திருந்த கைதட்டல்.

இதற்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 7 அன்று, கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் தங்கள் மைதானத்துக்குத் திரும்பினார்கள். சேலத்தில் ஒரு மலையாளி அண்ணனின் பேக்கரியில் அதைப் பார்த்தேன். ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக முதல் கோலை அட்ரியன் லூனா அடித்தார். அந்த ஏப்ரலில்தான் ஆறு வயது மகளை இழந்திருந்தார். கோல் அடித்துவிட்டு அவர் கண்கலங்கி நின்றபோது மஞ்சள் நிறத்தில் நிறைந்திருந்த அந்த ஸ்டேடியம் அவருக்காக முழங்கியது. கல்லாவில் இருந்த அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அவர்கள் எங்களுக்குப் பரம எதிரிகள்தான். ஆனால் அன்று நானும் எழுந்து நின்றேன். அந்தக் கோலை அவர் பாம்போலிமின் காலி நாற்காலிகளுக்கு முன்னால் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

வெளிநாட்டில் சொந்த மைதானத்துக்காக ரசிகர்கள் அரசியலிலேயே இறங்கியிருக்கிறார்கள். லண்டனில் சார்ல்டன் அத்லெடிக் என்று ஒரு கிளப். அவர்களுடைய மைதானத்தின் பெயர் தி வேலி. 1985 செப்டம்பரில் அதை விட்டு வெளியேறி, கிரிஸ்டல் பேலஸின் மைதானத்திலும் பிறகு வெஸ்ட் ஹாமின் மைதானத்திலும் இரவல் இடத்தில் ஆடினார்கள். புல் முளைத்துப் புதராகிக் கிடந்த தங்கள் மைதானத்தை ரசிகர்களே கூடிச் சுத்தம் செய்தார்கள். திரும்புவதற்கான கட்டடத் திட்டத்தை கிரீனிச் நகராட்சி நிராகரித்ததும், 1990 மே மாதம் உள்ளாட்சித் தேர்தலில் 'வேலி கட்சி' என்று சொந்தமாகக் கட்சி கட்டி நின்று 14,838 ஓட்டு வாங்கினார்கள். ஒரு இடம்கூட ஜெயிக்கவில்லை, ஆனால் பிறகு அனுமதி கிடைத்தது. 1992 டிசம்பர் 5 அன்று போர்ட்ஸ்மத்துக்கு எதிராகத் தி வேலியில் மறுபடி ஆட்டம். கொலின் வால்ஷ் ஏழாவது நிமிடத்தில் அடித்த ஒரே கோலில் ஜெயித்தார்கள். ஏழு வருஷம்! எங்கள் காத்திருப்பு அதற்குப் பாதிகூட இல்லை. எங்களை வெளியே வைத்தது நோய், அவர்களை வெளியே வைத்தது பணமும் நிர்வாகமும். மனிதர்கள் உண்டாக்கிய தடையைத் தட்டிக்கேட்டே உடைத்த அந்த ரசிகர்கள் மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு.

சொந்த மைதானத்துக்கு வந்ததால் புள்ளிப்பட்டியலில் ஏதாவது மாறியதா என்று கேட்டால், இல்லை. அந்த சீசனிலும் எட்டாம் இடம்தான். ஆனால் என் அக்கா மகன் அந்த வருஷத்துக்குப் பிறகு டிவியில் பார்ப்பதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு பந்தோடு கிளம்பிவிடுகிறான். ஆட்டம் எங்கே நடந்தாலும் ஓரத்தில் நின்று பாட இரண்டு பேர் வேண்டும் என்பது அவன் போட்டிருக்கிற சட்டம்.

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கமிருந்து போக நினைப்பவர்கள் ரொம்ப யோசிக்க வேண்டாம். ஏழரை மணி ஆட்டம் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். நடந்து சென்ட்ரல் வந்து சாப்பிட்டுவிட்டு, இரவு பதினொரு மணியையொட்டிக் கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடியற்காலையில் ஜங்ஷன். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் கடைசி நேரத்தில் படுக்கை கிடைக்காது.