எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்போட மேல் உறை தேயற நோய்) இருக்கறவங்க எக்சர்சைஸ் பண்ணலாமா? பிசியோதெரபிஸ்ட்கிட்ட கேட்ட கேள்விகள்

கேள்வி: மேடம், பத்து நிமிஷம் சைக்கிள் மிதிச்சாலே ஒரு கண்ணு மங்கலாயிடுது. நரம்பு இன்னும் கெட்டுப்போகுதோன்னு பயந்து நிறுத்திட்டேன்.

பதில்: பயப்படாதீங்கம்மா, ரொம்ப பேர் இதுலதான் நின்னுபோறாங்க. மேல் உறை தேஞ்ச நரம்புல உடம்பு சூடேறினா சிக்னல் தடுமாறும், 1890லயே ஊட்ஹாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் இத எழுதி வச்சிருக்காரு. உடம்பு ஆறினா பார்வையும் பழையபடி வந்துடும், நரம்புக்கு புதுசா சேதம் ஒண்ணும் ஆகறதில்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஜில்லுனு தண்ணி குடிங்க, ஃபேன நேரா முகத்துக்கு வைங்க, பத்து நிமிஷத்த அஞ்சு அஞ்சா பிரிச்சு நடுவுல உக்காந்துக்குங்க. ஆறின பிறகும் மங்கல் போகாம ஒரு நாளைக்கு மேல இருந்தா மட்டும் அது வேற விஷயம், உடனே நியூராலஜிஸ்ட பாருங்க.

கேள்வி: எங்க அம்மாவுக்கு அந்த காலத்துல ரெஸ்ட்லயே இருங்கன்னுதான் சொன்னாங்க, இப்ப மாத்தி சொல்றீங்களே?

பதில்: ஆமா, அப்ப அப்படித்தான் சொல்லுவாங்க. 1996ல அமெரிக்காவுல யூட்டால 15 வாரம் எம்.எஸ். காரங்கள வச்சு ஏரோபிக் பயிற்சி (சைக்கிள், நடை மாதிரி இதயத்துடிப்ப கூட்டறது) குடுத்து பாத்தாங்க, ஸ்டாமினாவும் கூடுச்சு தசை பலமும் கூடுச்சு, அதுக்கப்புறம்தான் பேச்சு மாறிச்சு. இப்ப லேசான, நடுத்தர பாதிப்பு இருக்கறவங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் 30 நிமிஷம் ஏரோபிக், ரெண்டு நாள் தசைக்கு பயிற்சின்னு சொல்றோம். அதுவும் மூச்சிரைக்க வேணாம், பக்கத்துல இருக்கறவங்ககூட பேச முடியணும், பாட்டு பாட முடியக்கூடாது, அந்த அளவு போதும். எடுத்த எடுப்புல 30 நிமிஷம் வரலன்னா அஞ்சுல ஆரம்பிங்க.

கேள்வி: சாயங்காலம் ஆனா வலது கால் தடுக்குது சிஸ்டர்.

பதில்: ஷூவ திருப்பி பாருங்க, வலது பக்கம் நுனி மட்டும் தேஞ்சிருந்தா பாதம் தொங்குதுன்னு அர்த்தம். கெண்டைக்கால டெய்லி 30 செகண்ட் ஸ்ட்ரெச் பண்ணுங்க, ஆனா அது மட்டும் பத்தாது, பிசியோ ஒருத்தர் நீங்க நடக்கறத பாத்து கணுக்காலுக்கு ஸ்பிளின்ட் (பாதத்த தூக்கிப் பிடிக்கற தாங்கி) தேவையான்னு சொல்லணும். நடைப்பயிற்சிய காலையிலயே முடிச்சிடுங்க, விழுந்து எலும்பு உடைஞ்சா எல்லாமே பின்னாடி போயிடும்.

கேள்வி: ரிலாப்ஸ் (நோய் திடீர்னு மறுபடி தலைதூக்கறது) வந்திருக்கு, எக்சர்சைஸ நிறுத்திடவா?

பதில்: டாக்டர் சொல்றவரைக்கும் நிறுத்துங்க. அப்புறம் பழைய அளவுல பாதிலருந்து.

கேள்வி: நான் வீல்சேர்லதான் இருக்கேன், இதெல்லாம் எனக்கில்லையா?

பதில்: கண்டிப்பா உங்களுக்கும்தான்! கையால மிதிக்கற சைக்கிள் இருக்கு, இழுத்து பயிற்சி பண்ற எலாஸ்டிக் பட்டை இருக்கு, ஒண்ணும் இல்லன்னா சேர்ல நிமிந்து உக்காந்து முதுகு சாயாம ரெண்டு கையையும் தூக்கி இறக்குங்க, இடுப்பு தசைக்கு அதுவே வேலைதான். கை பலம் எவ்ளோ இருக்குன்னு எழுதுங்க, அதுக்கேத்த மாதிரி சொல்றேன்.