கேளுங்கள், சொல்கிறேன்

கே: அமெரிக்காவில் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் வம்சாவளி நர்ஸ்களுக்கென்றே தேசியச் சங்கம் இருக்கிறதாமே? ஊசி போடுவதில் கூடவா இனம் பார்ப்பார்கள்?

ப: ஊசி போடுவதற்கல்ல சார், பேசுவதற்குத்தான். பனாமாவில் பிறந்த, பின்னாளில் நர்ஸான இல்தவுரா முரியோ-ரோட் 1945-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்கு வந்தார். ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ஸ்பானிஷ். ஆனால் அந்த மக்களிலிருந்து வந்த நர்ஸ்கள் அபூர்வம். 1975-ல் அவர் தொடங்கியதுதான் நீங்கள் கேட்கும் சங்கம்.

ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பையன்தான் அதை அவளுக்குச் சொல்லியாக வேண்டும். எதைச் சொல்வான், எதை விழுங்குவான்? அம்மாதான் மகனை வைத்துக்கொண்டு மாதவிடாய் பற்றி வாய் திறப்பாளா? பல குடும்பங்களில் இப்படித்தான் நடந்தது.

சர்க்கரைக்காரரிடம் ‘மாவுச்சத்தைக் குறையுங்கள்’ என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த வீட்டு அடுப்படி தெரிந்த நர்ஸ், ‘ஒரு வேளைக்கு எத்தனை டார்ட்டியா (சோள, கோதுமை ரொட்டி)? பீன்ஸைப் பன்றிக் கொழுப்பிலா வதக்குகிறீர்கள்?’ என்று நேராகக் கேட்பார். பதிலும் நேராக வரும்.

நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளுக்குச் சங்கம் உதவித்தொகையும் தருகிறது. இதை இனப்பற்று என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.