வாக்கியம் கிடைத்த இடத்தையும் எழுதிவையுங்கள்: ஆங்கில இலக்கணக் கேள்வி பதில்

கேள்வி (திருமங்கலம், போட்டித் தேர்வு மாணவி): 'ஹி ஹாஸ் கம் எஸ்டர்டே' என்று எழுதியதைத் தவறு என்கிறார்கள், ஐயா. 'நேற்று வந்திருக்கிறார்' என்று நாம் சொல்கிறோமே?

பதில்: சொல்கிறோம், சிக்கலே அங்குதான் இருக்கிறது. ஊரிலிருந்து திரும்பியவர், வாசலில் கிடக்கும் கடிதத்தைப் பார்த்துவிட்டு 'நேற்று தபால்காரர் வந்திருக்கிறார்' என்று சொல்லும்போது, வந்ததைத் தாம் நேரில் காணவில்லை, அடையாளத்தைக் கொண்டு ஊகிக்கிறோம் என்பதையும் சேர்த்தே தெரிவிக்கிறார். ஆங்கிலத்தின் 'ஹாஸ் கம்' அந்த வேலையைச் செய்வதில்லை. முன்பு நடந்ததை இப்போதைய நிலையோடு இணைப்பதே அதன் பணி. மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் 'த திருநெல்வேலி பஸ் ஹாஸ் லெஃப்ட்' என்று ஒருவர் சொன்னால், இனி அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறோம். புறப்பட்ட நேரத்தைச் சொல்ல வேண்டுமானால் 'இட் லெஃப்ட் அட் சிக்ஸ்' என்றாகிவிடும். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 என முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வந்தால் 'ஹாஸ்', 'ஹேவ்' இரண்டும் விலகிக்கொள்ளும். இத்தகைய இணைகளைக் குறிப்பேட்டில் அருகருகே எழுதுங்கள். யார், எங்கே, எதற்காகச் சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி (மேலூர்): ஆங்கில நாளிதழின் தலைப்புகளைத் தினமும் எழுதிப் பழகுகிறேன். போதுமா?

பதில்: செய்தியின் உடலை எழுதுங்கள். தலைப்பில் 'ஏ', 'த' பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நேற்று நடந்த விபத்து 'லாரி ஹிட்ஸ் பஸ்' என நிகழ்காலத்தில் வரும். 'மினிஸ்டர் டு விசிட் மதுரை' என்பதில் வினையின் பாதியே காணாமல் போயிருக்கும். இடத்தைக் குறிக்காமல் வாக்கியத்தை மட்டும் சேர்ப்பவர் இதையே விண்ணப்பக் கடிதத்திலும் எழுதிவிடுவார்.

கேள்வி (அனுப்பானடி): எத்தனை மாதத்தில் சரளமாகப் பேசலாம்?

பதில்: மாதக்கணக்குச் சொல்லுகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): 'ஐ ஹேவ் பாஸ்ட் லாஸ்ட் இயர்' சரியா?

பதில்: திருமங்கலத்து மாணவிக்கு எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

கேள்வி (வில்லாபுரம்): மக்கள் பேசும் வழக்கே மொழிக்கு ஆசான் என்கிறீர்கள். 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்று மதுரை முழுவதும் சொல்கிறதே. அதை மட்டும் ஏன் திருத்துகிறீர்கள்?

பதில்: நியாயமான வாதம். 1987இல் வெளிவந்த கோபில்டு என்னும் ஆங்கில அகராதி, கணினியில் திரட்டிய உண்மையான வாக்கியங்களைக் கொண்டே உருவாக்கப்பட்டது. அதே முறைப்படி நம் பேச்சைத் திரட்டினால் இந்த 'ஹேவிங்' ஒழுங்கான இந்திய வழக்காகவே பதிவாகும். 'ஹேவிங் லஞ்ச்' எங்கும் செல்லும், ஏனெனில் அது ஒரு செயல். ஐயம் கொண்டிருப்பது ஒரு நிலை என்பதால் பிரிட்டிஷ், அமெரிக்கத் தேர்வுகளில் 'ஐ ஹேவ் எ டவுட்' என்றே எதிர்பார்ப்பார்கள்.

கேள்வி (அதே நண்பர்): அப்படியென்றால் அவர்கள் வழக்கு உயர்ந்தது, நம்முடையது தாழ்ந்ததா?

பதில்: அப்படி நான் எழுதவில்லை. அலுவலக நண்பரிடம் 'ஹேவிங்' என்றே பேசுங்கள், எவருக்கும் நட்டமில்லை. தேர்வுத்தாளைத் திருத்துகிறவர் வில்லாபுரத்துக்காரர் அல்லர் என்பது மட்டுமே என் கவலை. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் அந்த வாக்கியத்துக்கு நேரே 'மதுரை, பேச்சு' என்று எழுதிவையுங்கள், அடித்துவிட வேண்டாம்.

கேள்வி (திருப்பரங்குன்றம்): உச்சரிப்புக்கு என்ன செய்வது?

பதில்: அது என் துறை அன்று, ஒலியியல் பயின்றவரிடம் கேளுங்கள்.