சீட்டு அடுக்குவதற்கு ஒரு படிப்பா?

அண்ணாச்சி, "பிளஸ் டூ படிக்கிற பிள்ளை ராத்திரியெல்லாம் அட்டையை வெட்டிச் சீட்டு அடுக்குறா, கேட்டா இதுக்கு வேலை இருக்குங்கா, நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்று போனில் பொரிந்தீர்கள். கடையில் ஆள் வந்ததும் வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பாப்பா விளையாடவில்லை. கார்டு சார்ட்டிங் என்று ஓர் ஆய்வு முறை. ஒரு பொருளுக்கு ஓர் அட்டையாக முப்பது நாற்பது அட்டையை ஒருவர் கையில் கொடுத்து, எது எதோடு சேரும் என்று பிரிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் அவரே பேர் வைப்பார். பேரை முன்கூட்டியே கொடுத்துப் பிரிக்கச் சொல்வதும் உண்டு. பிறகு எந்த இரண்டு அட்டையை எத்தனை பேர் ஒன்றாக வைத்தார்கள் என்று எண்ணுவார்கள். ஒரு ஆப்பில் எதை எந்தத் தலைப்பில் வைப்பது என்பதை இப்படித்தான் சோதிக்கிறார்கள். ஊரையே கூப்பிட வேண்டாம். ஆப், வெப்சைட்டைப் பயன்படுத்த எளிதாக்கும் இந்த யூஎக்ஸ் துறையில் பேர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 15 பேர் போதும் என்று 2004இல் எழுதினார்.

பாப்பா உங்கள் கடைச் சரக்கையே அட்டையாக்கி, போட்டோ அனுப்பியிருந்தாள். தேங்காய் எண்ணெய் அட்டையைப் பாருங்கள். செங்கோட்டை ஆச்சி அதைச் சீயக்காய் பக்கத்தில் வைத்திருக்கிறார். கேரளத்துப் புனலூரில் பிறந்த சித்தி புளி, வற்றலோடு வைத்துவிட்டு, நல்லெண்ணெயைத் திரி, சூடத்தோடு தள்ளியிருக்கிறார். மலைக்கு இந்தப் பக்கம் தலைக்கு, அந்தப் பக்கம் சட்டிக்கு! நீங்களோ எல்லா எண்ணெயையும் ஒரே குவியலில் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ரேக்தான் கணக்கு. மூன்றும் சரிதான். இப்போது கடைக்கு ஒரு ஆப் போட்டால் அந்த எண்ணெயை எங்கே வைப்பீர்கள், சொல்லுங்கள்.

இது கடை கண்ணிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1981இல் மிஷலின் சீ என்ற உளவியல் ஆய்வாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 24 இயற்பியல் கணக்குகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் சாய்தளக் கணக்கு, சுருள்வில் கணக்கு என்று கண்ணில் பட்டதை வைத்துப் பிரித்தார்கள். பிஎச்.டி. மாணவர்கள் ஆற்றல் மாறா விதி என்கிற மாதிரி, உள்ளே இருக்கும் விதியை வைத்துப் பிரித்தார்கள். பாப்பா தன் பிசிக்ஸ் புத்தகத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம், பரீட்சைக்கும் ஆகும்.

நானும் இதில் சறுக்கியவன்தான். என் அறையில் கல்லூரி நோட்டீஸ்களை அறிவியல், கலை, வணிகம் என்று வருஷக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தேன். மேற்படிப்பு பற்றிக் கேட்டு வருகிற பெற்றோர் யாரும் அப்படித் தேடவில்லை. "வீட்டிலிருந்து போய் வரலாமா, ஹாஸ்டலா?" இதுதான் அவர்களுடைய முதல் பிரிவு.

சரி, வேலைக்கு வருவோம். அட்டை அடுக்க மட்டும் யாரும் சம்பளம் தரமாட்டார்கள். முறையை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். அதனால், மூன்று மாதத்தில் யூஎக்ஸ் வேலை உறுதி என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஒழுங்கான பட்டப்படிப்பு வேண்டும். டிசைன் என்றால் யூசீட் நுழைவுத்தேர்வு. ஐஐடி பம்பாய் நடத்துகிறது, எந்தக் குரூப் படித்தாலும் எழுதலாம், படிப்பு நான்கு வருஷம். வரைகிற கை வேண்டும், போட்டியும் கடுமை. என்னைக் கேட்டால் இவளுக்கு உளவியல்தான் பொருத்தம், கூடவே புள்ளியியலைப் பயப்படாமல் படிக்க வேண்டும். நூலக அறிவியலையும் ஒதுக்காதீர்கள். நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் புத்தகங்களை வகைப்படுத்தத்தான் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். கேரளக் கல்லூரி என்றால் இடஒதுக்கீடு விஷயத்தை முதலிலேயே விசாரித்துவிடுங்கள், நம் சான்றிதழ் அங்கே எல்லாவற்றுக்கும் செல்லாது.

பாப்பாவிடம் ஒரு குறை. யார் எங்கே வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறாள், எந்த அட்டையில் கை தயங்கியது, அப்போது என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை. பாதி விஷயம் அதில்தான். கல்லாவில் உட்கார்ந்து தமிழும் மலையாளமும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது கஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் வாருங்கள். அட்டைகளையும் எடுத்து வரச் சொல்லுங்கள். சுக்கை ஆச்சி மருந்தோடு வைத்தாரா, மசாலாவோடு வைத்தாரா என்று போட்டோவில் சரியாகத் தெரியவில்லை.