விட்டு விட்டு வரும் 'கட கட' சத்தம்: ஷாக் அப்சார்பரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய பெட்ரோல் கார், 60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில மாதங்களாக முன்பக்கம் இடதுபுறத்திலிருந்து 'கட கட' என்ற சத்தம் அவ்வப்போது கேட்கிறது. குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போகும்போது வருகிறது. வேகத்தடையிலும் நெடுஞ்சாலையிலும் வருவதில்லை. ஒரு பணிமனையில் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போது மாற்ற வேண்டாம். ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய் கசிந்திருந்தாலோ, பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் வண்டி அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தாலோ அந்த யோசனையை ஏற்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், வேகத்தடையில் வராத சத்தம் பள்ளங்களில் மட்டும் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது வேறோர் இடத்தையே காட்டுகிறது.

வேகத்தடையை நேராகக் கடக்கையில் இரண்டு முன்சக்கரங்களும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்குகின்றன. பள்ளத்திலோ ஒரு சக்கரம் இறங்க, மற்றது மேலேயே நிற்கிறது. அப்போதுதான் இரு பக்கங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுகிறது. அதன் நுனிகளைச் சக்கரங்களின் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டுகளான லிங்க் ராடுகள் மாறி மாறி இழுபட்டு அழுந்துகின்றன. லிங்க் ராடின் மூட்டு சற்றே தேய்ந்திருந்தாலும், விசையின் திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளிக்குள் உலோகம் உலோகத்தில் மோதிச் சத்தம் எழும். சீரான நெடுஞ்சாலையில் அப்படி முறுக்கி விடுபடும் வேலை மிகக் குறைவு என்பதால் அங்கே அமைதியாக இருக்கிறது. எனவே என் முதல் சந்தேகம் லிங்க் ராடின் மேல்தான். அதன் விலையும் உழைப்பும் ஷாக் அப்சார்பர் மாற்றும் செலவில் சிறு பகுதியே.

வண்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது புலப்படாமல் போயிருப்பதில் வியப்பில்லை. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது மூட்டு ஒரே பக்கமாக இழுபட்டு நின்றுவிடலாம். கையால் அசைத்தாலும் தளர்வு தெரியாது. சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்கும் நிலையில், மெக்கானிக் இறங்கி நின்று பார்க்கும் குழியின் மேல் வண்டியை நிறுத்தி, லிங்க் ராடைப் பிடித்து அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் ஐயம் தீராவிட்டால், மெக்கானிக் இரு லிங்க் ராடுகளையும் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு அதே தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். வளைவுகளில் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும் என்பதால் இந்தச் சோதனையை நீங்களாகச் செய்ய வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

அதற்கு முன் டிக்கியையும் டாஷ்போர்டில் உள்ள பெட்டியையும் காலி செய்து, ஜாக்கியும் ஸ்டெப்னியும் அசையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். வண்டியின் உடல் முழுவதும் உலோகமாதலால், பின்னால் எழும் சத்தம்கூட முன்னால் எழுவதாகக் காதுக்குத் தோன்றும். ஓட்டுபவர் ஒருவராகவும், கேட்பவர் இன்னொருவராகவும் இருப்பது நல்லது.

லிங்க் ராடு சரியாக இருந்தால் அடுத்தவற்றுக்குப் போகலாம். பிரேக்கை அழுத்தும்போதும் விடும்போதும் ஒற்றை 'டக்' கேட்டால் சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும், நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகினால் ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் சுருள்வில்லும் சேர்ந்த தூண்) மேல் மவுண்டையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துக்கொண்டு நகரும்போது 'டக் டக்' என வந்தால் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் வெளி மூட்டு தேய்ந்திருக்கலாம். சீரான சாலையில்கூடத் தாளம் தவறாமல் தட்டினால் எண்ணிப் பாருங்கள்: சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் போகும்; ஆகவே மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஒரு தட்டு என்றால், டயரில் சிக்கிய கல் போல, சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான் காரணம்.

பணம் கட்டுவதற்கு முன், சத்தம் வரும் அதே தெருவுக்கு மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று காட்டிவிடுங்கள். 'கட கட' இருக்கிறது என்று வாயால் சொல்வது மட்டும் போதாது. எந்த வேகத்தில், எந்தப் பள்ளத்தில், பிரேக் பிடித்தபோதா விட்டபோதா என்பதை அவர் நேரில் கேட்க வேண்டும்.

இதற்கிடையில் ஓட்டலாமா என்றால், லிங்க் ராடு மட்டும் என்றால் நிதானமாக ஓட்டலாம். ஆனால் லோயர் ஆர்மைச் சக்கரத்தின் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்டில் தளர்வு இருப்பதாகத் தெரிந்தாலோ, சத்தத்தோடு ஸ்டியரிங்கில் அதிர்வும் சேர்ந்தாலோ, அண்மையில் டயர் கழற்றி மாட்டிய பின் தட்டல் நாளுக்கு நாள் கூடினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். கடைசி நிலையில் முதலில் வீல் நட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும்; மற்ற இரண்டிலும் வண்டியை ஓட்டிச் செல்லாமல் மீட்பு வாகனத்தில் ஏற்றி அனுப்புங்கள்.