முதல் ரோடு பைக்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: நூறு, இருநூறு கிலோமீட்டர் போக ஆசை, முதல் ரோடு பைக் எதை வாங்குவது? ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்ட ஆசை. நேர வரம்பு இருப்பதால் ரேஸ் பைக்தான் சரிப்படும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

இல்லை. 200 கி.மீ.க்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 15 கி.மீ.தான் வரும். சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், சக்கரம் உருளும்போது 20 போனால் தாராளம். முதல் பிரெவேயில் நேரம் கரைவது பெரும்பாலும் கழுத்து வலித்து, கை மரத்து, இறங்கி நிற்பதில்தான். நெடுந்தூரத்துக்கென்றே செய்யும் எண்டூரன்ஸ் வகை ரோடு பைக்கை எடுங்கள். அதே சைஸ் ரேஸ் ஃப்ரேமைவிட இதில் ஹேண்டில்பார் 2, 3 செ.மீ. உயரமாகவும் கொஞ்சம் கிட்டவும் வரும். அந்த 3 செ.மீ.யின் அருமை ஆறாவது மணி நேரத்தில் தெரியும்.

கேள்வி: கார்பனா, அலுமினியமா?

கையில் இருக்கும் பணத்துக்கு அலுமினியத்தில் நல்ல கியரும் நல்ல சக்கரமும் கிடைக்கும் என்றால் அலுமினியம். நீங்கள், சைக்கிள், தண்ணீர் பாட்டில், பை எல்லாம் சேர்ந்து ஒரு 90 கிலோ என்று வையுங்கள். ஃப்ரேமில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தில் அரை நிமிடம் மிச்சமாகும். அவ்வளவுதான். பழைய ஸ்டீல் ஃப்ரேம் கிடைத்தாலும் ஒதுக்காதீர்கள், நெடுந்தூரத்துக்கு அது அருமையான பொருள்.

கேள்வி: என் உயரம் 170 செ.மீ. எந்த சைஸ் வாங்கலாம்?

கடிதம் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிட்டது. இதே மாதிரி ஏழெட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. உயரத்தை மட்டும் எழுதாதீர்கள், உள்கால் அளவையும் (கவட்டிலிருந்து தரை வரை) எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! 170 செ.மீ. உயரத்தில் இரண்டு பேரை நிறுத்தினால் ஒருவருக்கு உள்கால் 76 இருக்கும், இன்னொருவருக்கு 81 இருக்கும். கால் நீளமானவருக்கு இடுப்புக்கு மேலே உடம்பு குட்டை. கால் குட்டையானவருக்குச் சுகமாக இருக்கும் சைக்கிளில் இவர் எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

அளப்பது சுலபம். வெறுங்காலோடு சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள், பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தமாக மேலே ஏற்றுங்கள். புத்தகத்தின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். மூன்று தடவை அளந்து நடு எண்ணை எடுங்கள். அதை 0.88ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடல்கள் மாட்டியிருக்கும், சுழலும் பகுதி) நடுவிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை இருக்க வேண்டிய உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அப்புறம், ஒரு கம்பெனியின் 54 சைஸும் இன்னொரு கம்பெனியின் 54 சைஸும் ஒன்றல்ல. ஃப்ரேமில் எழுதியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் இரண்டையும் பாருங்கள். முதலாவது, கிராங்க் நடுவிலிருந்து ஹெட் டியூப் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஃப்ரேமின் முன்குழாய்) மேல்முனை எவ்வளவு உயரம் என்று சொல்லும். இரண்டாவது, அது எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்று சொல்லும். இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இரண்டிலும் ஏறி, அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு முடிவெடுங்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றும் சொல்லிவிடுகிறேன். என் முதல் ரோடு பைக் எனக்கு ஒரு சைஸ் பெரிது. கடையில் அந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது, தள்ளுபடியும் இருந்தது. "ஸ்டெம்மை மாத்திக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றார்கள். ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை ஃப்ரேமோடு சேர்க்கும் துண்டு. நம்பி வாங்கினேன். 110 மி.மீ. ஸ்டெம்மை எடுத்துவிட்டு 80 போட்டேன். போதவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளினேன், முட்டியின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. முதல் 200 கி.மீ. பிரெவேயில், 140ஆவது கிலோமீட்டர் வாக்கில், வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. கியர் லீவரை விரலால் தட்ட முடியாமல் உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே முடித்தேன். அடுத்த இரண்டு நாள் சட்டைப் பொத்தானை இடது கையால்தான் போட்டேன். எட்டிப் பிடித்து உடம்பின் பாரத்தை முழுக்கக் கையில் போட்டால் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்கும். அதற்கு ஜெல் கிளவுஸ் மருந்தல்ல. ஸ்டெம்மை மாற்றுவது ஒன்றிரண்டு செ.மீ. திருத்தத்துக்கு மட்டும்தான். தப்பான ஃப்ரேமை அது சரிசெய்யாது. தெரிந்தே "மாத்திக்கலாம்" என்று சொல்லி விற்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே அளவு முதலில். பிராண்ட், நிறம், எடை எல்லாம் அதற்கு அப்புறம்.

கேள்வி: நல்ல ரோடு பைக் ஒன்று சொல்லுங்கள்.

யாருக்கு? எந்த மாதிரிச் சாலைக்கு? எவ்வளவு தூரத்துக்கு? இதை எழுதி, உள்கால் அளவோடு மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: 25 மி.மீ. அகல டயர்தான் வேகம், 32 போட்டால் இழுக்கும் என்கிறார்களே? காற்று எவ்வளவு அடிப்பது?

கண்ணாடி மாதிரி வழவழப்பான தளத்தில்தான் அந்தப் பேச்சு செல்லும். நிஜச் சாலையில் கல்லு மாதிரி இறுகிய டயர் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் துள்ளும். துள்ளும்போது உங்கள் பலம் வீணாகிறது, உடம்பும் குலுங்குகிறது. புது ஆள், நீண்ட தூரம் என்றால் 28க்குக் குறையாதீர்கள், 32 கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கும் முன் ஃப்ரேமில் 32 நுழையுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல ரேஸ் ஃப்ரேம்களில் நுழையாது.

காற்று: 70 கிலோ ஆளுக்கு 28இல் 70 பிஎஸ்ஐ சுமார், 32இல் 55, 60. முன்சக்கரத்தில் சற்றுக் குறைவாக. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெரிய எண் உச்சவரம்பு. அதுவரை அடி என்று அதற்கு அர்த்தமில்லை. ஹுக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம்) என்றால் 72ஐத் தாண்டவே கூடாது, டயர் கழன்றுவிடலாம்.

கேள்வி: 52/36 கிராங்க், பின்னால் 11-28 உள்ள பைக் ஒன்று பிடித்திருக்கிறது. மலை ஏற முடியுமா?

இந்த எண்கள் முன்னாலும் பின்னாலும் உள்ள பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கை. நீங்கள் தினமும் ஓட்டுபவர் என்றால் முடியும். நீங்களே "இப்போதுதான் ஆரம்பிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் வேண்டாம். 50/34 கிராங்க், பின்னால் 11-34 பாருங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 34க்கு 34இல் மணிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஏறிக்கொண்டே இருக்கலாம். நீங்கள் சொல்வதில் அதே சுற்றுக்குக் கிட்டத்தட்ட 10 கி.மீ. வேகம் போயாக வேண்டும். 150 கி.மீ. ஓட்டிய காலோடு செங்குத்தான ஏற்றத்தில் அந்த வேகம் வராது. சுற்று குறையும், பெடலை அமுக்கி அமுக்கி ஏறுவீர்கள், முட்டி போய்விடும். கடைசி கியர் மிச்சம் இருக்கிறதே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை.

கேள்வி: சீட் வலிக்கிறது. மெத்தென்ற ஜெல் கவர் போடலாமா?

வேண்டாம். ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும், அப்புறம் அந்த மெத்தை இடுக்கில் ஏறி அழுத்தும். உட்காரும் எலும்புகள் இரண்டும் சீட்டின் மேல் பதிய வேண்டும், அதற்கு அகலம் சரியாக இருக்க வேண்டும். கடினமான ஸ்டூலில் பெட்டி அட்டை ஒன்றைப் போட்டு, கொஞ்சம் முன்னால் குனிந்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். இரண்டு குழி தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 2 செ.மீ. சேர்த்தால் வரும் அகலத்தில் தேடுங்கள். பேட் வைத்த ஷார்ட்ஸ் போடுங்கள், உள்ளாடை இல்லாமல். தையல் உரசித்தான் பாதிப் புண் வருகிறது. இத்தனைக்குப் பிறகும் வலித்தால் சீட் உயரத்தைப் பாருங்கள். உயரம் அதிகமானால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், அதுவும் உரசும்.

கேள்வி: டிஸ்க் பிரேக் அவசியமா?

மழைக்கும் நீண்ட இறக்கத்துக்கும் நல்லது. ஆனால் அளவு சரியான ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) பைக்கை விட்டுவிட்டு அளவு தப்பான டிஸ்க் பைக்கை வாங்காதீர்கள்.

கேள்வி: என் ஹைபிரிட்டில் (நேர் ஹேண்டில்பார் சைக்கிள்) வளைந்த ஹேண்டில்பார் மாட்டி ரோடு பைக் ஆக்கலாமா?

வேண்டாம். லீவர், பிரேக், கியர் எல்லாம் மாற்ற வேண்டி வரும், பிடியும் 7, 8 செ.மீ. முன்னால் போய்விடும். ஹைபிரிட்டையே அப்படியே 100 கி.மீ. ஓட்டுங்கள், ஓட்டலாம்.

கேள்வி: பழைய பைக் ஒன்றின் படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

வந்திருப்பது ஒரே படம், அதுவும் இருட்டில் எடுத்தது. அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நேரில் போங்கள், பகலில் போங்கள். ஹெட் டியூப் இணைப்பிலும் கிராங்க் அருகிலும் பெயின்ட்டில் கோடு மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள், ஆட்டம் தெரியும். செயின் தேய்மானத்தை அளக்கும் கருவி இருந்தால் எடுத்துப் போங்கள். செயின் ரொம்பத் தேய்ந்திருந்தால் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) போயிருக்கும், அந்தச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். கடைசியாக சீட் போஸ்ட்டை (சீட்டைத் தாங்கும் குழாய்) லூஸ் செய்து மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். ஃப்ரேமோடு பிடித்துக்கொண்டு அசையவில்லை என்றால், உங்கள் உயரத்துக்கு சீட்டை வைப்பது கஷ்டம், திரும்பி வந்துவிடுங்கள். கிளம்பும் முன் உள்கால் அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.